வாசகர் கேள்வி: பழங்குடியினர் பண்ணையின் வரவும் செலவும்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பழங்குடியினருக்குச் சொந்தமான ஒரு பெரிய பாசனப் பண்ணை, 2021 வறட்சியில் பணியாளர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை நிறுத்திவிட்டதாகப் படித்தேன். சொந்த நிலமும், அரசு கட்டிய அணையும், நவீனப் பாசனமும் இருந்தும் இந்த நிலை வந்ததற்கு நிர்வாகக் கோளாறுதானே காரணம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. நீங்கள் குறிப்பிடுவது டோயாக் ஊரை ஒட்டியுள்ள யூட் மௌன்டன் யூட் பழங்குடியின் பண்ணை. சுமார் 7,700 ஏக்கரில், நூற்றுக்கும் மேற்பட்ட சுழல் தெளிப்புக் கருவிகளைக் கொண்டு, கால்நடைத் தீவனமான குதிரைமசாலும் மக்காச்சோளமும் கோதுமையும் விளைவிக்கிறார்கள். தண்ணீர் கிடைத்த ஆண்டுகளில் அதன் மக்காச்சோள விளைச்சல் பெயர்பெற்றது. ஆனால் அந்த ஆண்டு டொலோரஸ் ஆற்றின் மெக்ஃபீ நீர்த்தேக்கத்திலிருந்து வழக்கமான ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்கே வந்தது. பெரும்பாலான கருவிகள் ஓடாமல் நின்றன.

கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: தண்ணீர் குறைந்தாலும் கால்வாய், நீரேற்று நிலையம் முதலியவற்றின் பராமரிப்புக் கட்டணம் அதே அளவில் குறைவதில்லை. குதிரைமசால் ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் அறுக்கும் பயிர் என்பதால், ஓராண்டு காய்ந்து பட்டுப்போனால் அவ்வாண்டின் வரவு மட்டுமல்ல, மறுநடவுச் செலவும் சேர்த்து இழப்பாகிறது. இருக்கும் நிலமோ பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டு, கூட்டாட்சி அரசின் பொறுப்பில் உள்ள காப்பு நிலம். தனியார் விவசாயியைப் போல அதை அடமானம் வைத்துக் கடன் வாங்க இயலாது.

இதற்கு அடியில் ஒரு பழைய உடன்பாடும் இருக்கிறது. காப்பு நிலம் உருவான நாளிலிருந்தே அதற்குரிய நீருரிமையும் தொடங்குகிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. அங்கே தண்ணீர் குறையும்போது, முந்தைய தேதியுள்ள ‘மூத்த’ உரிமைக்கே முதலில் பங்கு கிடைக்கும். அதன்படி 1868ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொண்ட மூத்த உரிமையை யூட் மக்கள் கோரியிருக்க முடியும். எனினும் காகிதத்தில் இருந்த அந்த உரிமைக்குப் பதிலாகக் கையில் கிடைக்கும் தண்ணீரை ஏற்க முடிவுசெய்து, 1988ஆம் ஆண்டுத் தீர்வுச் சட்டத்தின் வழியே, மெக்ஃபீ நீர்த்தேக்கம் அடங்கிய டொலோரஸ் திட்டத்தின் நீரைப் பெற்றார்கள். அதற்கு முன் டோயாக்கில் குடிநீரே லாரியில்தான் வந்தது என்பதை நினைத்தால், அந்த முடிவை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அந்த ஏற்பாட்டில் பற்றாக்குறையையும் திட்டத்தின் சக பாசனதாரர்களோடு சமமாகப் பகிர வேண்டும். 2021இல் அதே பள்ளத்தாக்கில் மூத்த உரிமை வைத்திருந்த பாசன நிறுவனம் இவர்களைவிடக் கூடுதல் பங்கு பெற்றது. நிலத்தின் முதல் குடிகளே வரிசையின் பின்னால் நின்றார்கள். இது என் மனத்தை உறுத்துகிறது.

கேள்வி: அவர்கள் மாவு ஆலை நடத்துகிறார்களாமே, அதனால் நட்டம் ஈடாகாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: ஓரளவுக்கு உதவும். மக்காச்சோளத்தைத் தானியமாக விற்பதைவிட, ‘போ அண்ட் ஏரோ’ என்னும் சொந்தப் பெயரில் மாவாக விற்றால் கிலோவுக்குக் கிடைக்கும் தொகை கூடுதல். இருப்பில் வைத்த தானியத்தை அறுவடை முடிந்த பின்னும் அரைத்து விற்கலாம். ஆயினும் ஆலைக்குத் தேவைப்படும் பரப்பு பண்ணையில் ஒரு சிறு பகுதிதான். மீதிப் பரப்பின் வரவை மெக்ஃபீயின் நீர்மட்டமே தீர்மானிக்கிறது.