சமையல் கேள்வி-பதில்: ஸ்லோ குக்கர்

நான்கு பேர் குடும்பம். ஸ்லோ குக்கர் வாங்கினால் செலவு குறையுமா?
– வாசகி, திருப்பூர்

ஸ்லோ குக்கர் என்பது மெதுவான சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானை. குறைந்த சூட்டுக்கு லோ, கூடுதல் சூட்டுக்கு ஹை. சோறு, பருப்புக்காக என்றால் வாங்காதீர்கள். பிரஷர் குக்கர் நாலு விசிலில் முடிக்கிற வேலை அது. 3.5 லிட்டர் பானை லோவில் சுமார் 200 வாட் இழுக்கும் என்று வைத்தால், 8 மணி நேரத்துக்கு 1.6 யூனிட். மிச்சம் வருவது சாமான் வாங்குவதில்தான். கழுத்துக்கறி, ஆட்டுக்கால் போன்ற முரட்டுக் கறியில் உள்ள சவ்வு, மெதுவான சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் கரைந்து குழம்புக்குக் கொழகொழப்பைக் கொடுக்கும். தொடைக்கறியின் விலை கொடுக்க வேண்டாம். அரைக் கிலோ கழுத்துக்கறி, கால் கிலோ உருளைக்கிழங்கு, 300 மில்லி வெந்நீர். லோவில் 8 மணி நேரம், ஹையில் என்றால் 4-5. கிழங்கை அடியில் போடுங்கள், கறி மேலே. கறியைவிடக் கிழங்குதான் இதில் தாமதமாக வேகும், நம்பச் சிரமமாக இருந்தாலும்.

ஊறவைத்த ராஜ்மாவை லோவில் போட்டேன். வெந்த மாதிரிதான் இருந்தது. சாப்பிட்ட எல்லோருக்கும் வாந்தி. ராஜ்மா கெட்டுப்போனதா?
– வாசகர், ஓசூர்

கெட்டுப்போகவில்லை, கொதிக்கவில்லை. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். லோவில் பானை கொதிநிலைக்கே வராமல் போகலாம். 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவைவிட மோசம். பல்லில் மெத்தென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கால் கிலோவை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில், கேஸ் அடுப்பில், குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். 30 நிமிடம் என்றால் இன்னும் பத்திரம். அதையும் வடித்துவிட்டு, 750 மில்லி வெந்நீரோடு பானையில் சேர்த்து லோவில் 6 முதல் 8 மணி நேரம். கொண்டைக்கடலையில் இந்த அளவு ஆபத்து இல்லை. என்றாலும் ஒரு கொதி விட்டுப் போட்டால் நேரம் மிச்சம்.

காலையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் சாம்பாரில் பருப்பு கல்லாக இருந்தது.
– வாசகி, நாமக்கல்

புளிக்கரைசலை முதலிலேயே ஊற்றியிருப்பீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு மசியாது. தக்காளிக்கும் இதே கதைதான். போர் தண்ணீரின் உப்புத்தன்மையும் பருப்பைக் கெட்டியாகவே வைக்கும், குடிதண்ணீரில் வேகவையுங்கள். பருப்பு மசிந்த பிறகு புளி சேர்த்து, ஹையில் முக்கால் மணி நேரம் விடலாம்.

குழம்பு தண்ணியாக இருக்கிறது, பச்சை வாசனையும் போகவில்லை.
– வாசகர், தஞ்சாவூர்

மூடியில் படியும் ஆவி திரும்பப் பானைக்குள்ளேயே விழும். எதுவும் சுண்டாது. அடுப்புக்கு ஊற்றும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். வெங்காயம், இஞ்சி-பூண்டு, மசாலாத்தூள் இவற்றை வாணலியில் எண்ணெய் பிரிய வதக்கித்தான் போட வேண்டும், ஏனென்றால் இந்தச் சூட்டில் எதுவும் சிவக்காது. தேங்காய்ப்பால் கடைசி அரை மணி நேரத்தில். முன்பே ஊற்றினால் திரிந்துவிடும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், ஒவ்வொரு முறைக்கும் 20-30 நிமிடம் கூடும்.

வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்ட் போனால்?
– வாசகி, மதுரை

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாவிட்டால், கறி சமையலைக் கொட்டிவிடுங்கள். வெந்த மாதிரி தெரிந்தாலும் வேண்டாம். வீட்டில் இருந்தால் உடனே கேஸுக்கு மாற்றிவிடலாம். வாங்கும்போது திருகு சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள்; கரண்ட் வந்ததும் தானே ஓடும். டிஜிட்டல் மாடல்கள் பல அப்படியே நின்றுவிடும்.

மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததை இங்கே போடலாமா?
– வாசகர், சென்னை

அடியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள், எரிந்துவிடும். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் இதற்கு உதவாது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் குக்கரின் வாட்டுக்கு மேல் தாங்குவதாக. அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.