எட்டாவது இடத்தில் ஒரு மாற்றம்

அன்புள்ள ஐயா,

பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) மருந்துகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அக்கா மகளுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பக்கத்திலிருந்த கட்டியை எடுத்த பிறகு தாகமும் சிறுநீரும் கட்டுக்கடங்காமல் போயின. ராத்திரியில் மட்டும் ஏழெட்டு முறை எழுந்திருப்பாள். இப்போது டெஸ்மோபிரசின் ஸ்ப்ரேயை மூக்கில் அடித்துக்கொண்டு நன்றாகத் தூங்குகிறாள். "உடம்பில் சுரப்பதைவிட இது மேல்" என்கிறார் மருந்துக் கடைக்காரர். அப்படியானால் உடம்பு ஏன் இதையே சுரக்கவில்லை?

ச., மன்னார்குடி

அன்புள்ள ச.,

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. அவளுக்கு வந்தது வெல்லமில்லா நீரிழிவு (டயாபடீஸ் இன்சிபிடஸ்). (நீரிழிவு என்ற சொல் சர்க்கரை நோயைவிட இதற்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. சர்க்கரைக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.) உடம்பில் குறைந்துபோன ஹார்மோன் வாசோபிரசின். ஒன்பதே அமினோ அமிலங்கள்.

இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு: வாசோபிரசின், சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் (ஏடிஹெச்). பிட்யூட்டரிச் சாறு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்று 1895இல் ஆலிவரும் ஷேஃபரும் காட்டினார்கள். அதே சாறு சிறுநீரைக் குறைக்கிறது என்பது 1913இல் தெரிந்தது. இரண்டும் ஒரே மூலக்கூறின் வேலை. ஹார்மோன் வந்து ஒட்டிச் செல்லைத் தூண்டும் இடம்தான் ஏற்பி. ரத்தக்குழாய்த் தசையில் வி1 என்ற ஏற்பி, சிறுநீரக நுண்குழாயில் வி2 என்ற ஏற்பி. வி2 தூண்டப்பட்டால் அக்வாபோரின் எனும் நீர்க்கால்வாய்கள் செல்லின் மேற்பரப்புக்கு வரும், நீர் உடம்புக்குத் திரும்பும்.

ரத்தம் கொட்டும்போது குழாயும் இறுக வேண்டும், நீரும் நிற்க வேண்டும். உடம்பு இரண்டையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்ததில் தப்பில்லை. உங்கள் அக்கா மகளுக்கு இரண்டாவது வேலை மட்டும் போதும். அவளுக்காகக் குழாய்கள் இறுக வேண்டியதில்லை.

1967இல் பிராகாவில் ஸாவோரல் குழுவினர் வாசோபிரசினில் இரண்டே மாற்றம் செய்து டெஸ்மோபிரசினை உண்டாக்கினார்கள். முதல் அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியை எடுத்துவிட்டார்கள். எட்டாவது இடத்திலுள்ள ஆர்ஜினினுக்குப் பதில் அதன் கண்ணாடிப் பிம்பத்தை வைத்தார்கள். இடது கையுறை இருந்த இடத்தில் வலது கையுறை. நொதிகளால் அதைச் சுலபமாக வெட்ட முடியவில்லை. வாசோபிரசின் சில நிமிடங்களில் கரைந்துபோகும், இது மணிக்கணக்கில் நிற்கும். அழுத்தத்தை ஏற்றும் குணமோ ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இயற்கை ஹார்மோனில் இரண்டு வேலைகளும் சரிக்குச் சரி. இதில் நீரைத் தடுக்கும் பக்கம் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் ஓங்கி நிற்கிறது.

எனக்கு வியப்பு வேறிடத்தில். வி1, வி2 என்ற பெயர்களே அப்போது இல்லை. ஏற்பிகளின் மரபணுக்கள் கையில் கிடைத்தது 1992இல்தான். எலிக்கு ஊசி போட்டு ரத்த அழுத்தம் ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா என்று அளந்தே இதைக் கண்டுபிடித்தார்கள். கணினி வரைந்த வடிவம் எதுவும் அவர்கள் மேசையில் இல்லை.

டெஸ்மோபிரசின் 'ஒரே ஏற்பியைத் தூண்டும்' என்று சொல்வதுண்டு. அந்தப் பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். பிட்யூட்டரியிலுள்ள வி1பி ஏற்பியையும் இது தொடும். ரத்தக்குழாயின் உட்சுவரிலும் வி2 இருக்கிறது. அங்கே தூண்டினால் ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி வெளிப்படும். 1977இல் இத்தாலியில் மான்னுச்சி குழுவினர் லேசான ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு (ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ளவர்களுக்கு) இதைக் கொடுத்துப் பலன் கண்டார்கள். சிறுநீருக்கென்று செய்த மருந்து பல் பிடுங்கும்போது ரத்தத்தை நிறுத்தவும் பயன்பட்டது!

ஆனால் இது உடம்பின் பேச்சைக் கேட்காது. நாம் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் மூளை வாசோபிரசினைக் குறைத்துவிடும். ஸ்ப்ரே அடித்தது அடித்ததுதான். அதன்மேல் பழக்கதோஷத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். தலைவலி, குமட்டல், முற்றினால் வலிப்பு. "மேல்" என்பதில் மிச்சப் பாதி இங்கே அடிபடுகிறது. அதனால்தான் சில மருத்துவர்கள் வாரத்தில் ஒருநாள் ஒருவேளை மருந்தைத் தள்ளிப்போட்டு, தேங்கிய நீர் போகட்டும் என்று விடுவதுண்டு. அவளுக்கும் அப்படி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம்.