அனிமோனுக்கு எவ்வளவு நீரோட்டம் வேண்டும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) 200 லிட்டர். கீழ்த் தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 1000 லிட்டர், தொட்டிக்குள் நீரோட்டம் தரும் வேவ்மேக்கர் 3000 லிட்டர். பபிள் டிப் அனிமோனுக்கு (பாறையில் ஒட்டி வாழும் ஒரு கடல் விலங்கு) இது அதிகமா?

பதில்: கூட்டினால் 4000, அதாவது தொட்டி நீர் முழுவதும் மணிக்கு 20 முறை சுற்றுகிறது (20 சுற்று). ரிட்டர்ன் பம்ப் பெட்டியில் போட்டிருப்பது நீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. சம்ப்பிலிருந்து ஏறி வரும்போது அது குறைந்துவிடும், ஆகவே உண்மையில் 20-க்குக் கீழேதான் இருக்கும். பபிள் டிப்புக்கு 10 முதல் 20 சுற்று தாராளம்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். வேவ்மேக்கர் நேராக அனிமோனைப் பார்த்தபடி இருந்தால் 10 சுற்றுகூட அதற்குத் தொல்லைதான். வேவ்மேக்கரை எதிர்க் கண்ணாடி பக்கம் திருப்புங்கள். மோதித் திரும்பும் நீர் அனிமோன்மேல் படட்டும். பிறகு ஐந்து நிமிடம் நின்று அனிமோனின் விரல்களை (உணர்கொம்புகளை) பாருங்கள். எல்லாம் வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தால் வேகம் அதிகம். ஒவ்வொன்றும் தனித்தனியாக முன்னும் பின்னும் அசைந்தால் சரி. வாய்வழியே கக்கிய பழுப்புச் சளி நகராமல் மேலேயே ஒட்டிக் கிடந்தால் ஓட்டம் போதவில்லை. அனிமோனுக்குச் செவுளும் இல்லை, இதயமும் இல்லை. ஆக்சிஜன் உள்ளே வருவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் உடல் பரப்பு வழியாகத்தான். மேலே நீர் தேங்கினால் அதற்கு மூச்சுமுட்டும்.

கேள்வி: வாங்கிவந்து விட்ட மறுநாளே அனிமோன் தொட்டி முழுக்க நடக்கிறது. வேவ்மேக்கரை எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்கவில்லை.

பதில்: திருப்பிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல். விடும்போது வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு, பாதம் (அனிமோன் ஒட்டிக்கொள்ளும் அடிப்பகுதி) உள்ளே போகிற மாதிரி பாறை இடுக்கில் வையுங்கள். பாதம் பற்றிய பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் மெல்லக் கூட்டுங்கள். அப்புறம் ஒரு வாரம் எதையும் தொடாதீர்கள். அப்போதும் நடந்தால் வெளிச்சத்தையும் உப்படர்த்தியையும் பாருங்கள் (1.025–1.026 இருக்க வேண்டும்). ஆறு மாதம்கூட ஆகாத தொட்டி என்றால் இன்னும் காத்திருந்திருக்கலாம். என்ன ஆனாலும் பாறையிலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது கடினம்.

கேள்வி: இரவில் கரண்ட் போய் வந்தது. காலையில் அனிமோன் வேவ்மேக்கரில் சிக்கித் துண்டுதுண்டாகக் கிடந்தது. என்ன செய்வது?

பதில்: இதைத்தான் எல்லாரும் முதலில் யோசிக்க வேண்டும், கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வேவ்மேக்கர் ஓடாத நேரத்தில் நடமாடும் அனிமோன் அதன்மேலேயே ஏறிவிடும். கரண்ட் வந்ததும் விசிறி அரைத்துவிடும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: துண்டுகளையும் சளியையும் குழாயால் உறிஞ்சி எடுங்கள். 25 முதல் 30 சதவீதம் நீர் மாற்றுங்கள். நச்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைப் புதிதாகப் போடுங்கள். ஸ்கிம்மரின் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) கோப்பையைக் காலி செய்யுங்கள். அடுத்த சில நாள் அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள், ஏனென்றால் அழுகும் அனிமோன் மீன்களையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அடுத்த அனிமோன் வாங்குமுன் வேவ்மேக்கர் உறிஞ்சும் பக்கம் முழுவதையும் பிளாஸ்டிக் வலையால் மூடி, அதன்மேல் பெரிய துளையுள்ள பஞ்சைச் சுற்றுங்கள். பஞ்சில் அழுக்கு அடைந்தால் ஓட்டம் தானாகக் குறையும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, நீர் மாற்றும்போது எடுத்த உப்புநீரிலேயே அலசுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் வீடென்றால் வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் இணைப்பது இன்னும் நல்லது.

கேள்வி: கார்பெட், ரிட்டேரி அனிமோன்களுக்கும் இதே அளவா?

பதில்: இல்லை. ஹட்டோனி என்ற கார்பெட் இனம் மணலில் வாழ்வது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் இருக்கிறது. மணல் 10 சென்டிமீட்டராவது ஆழம் இருக்கட்டும். மிதமான ஓட்டம் போதும். அதன் ஓரத்து மணலை நீர் அரித்தால் வேகத்தைக் குறையுங்கள். ரிட்டேரி பவளப்பாறையின் உச்சியில், அலை வந்து அடிக்கும் இடத்தில் நிற்கும் இனம். அதற்கு விட்டுவிட்டு வரும் பலமான ஓட்டம் வேண்டும், வெளிச்சமும் அதிகம் வேண்டும். முதல் அனிமோனாக அதை வாங்க வேண்டாம்.