40 வருடக் காசிமேடும் 61 நாள் படமும்

கேள்வி: நான் உதவி இயக்குநர், புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் 40 வருட வாழ்க்கையைப் பத்திரிகையாளர் ஒருவர் வார இதழில் தொடராக எழுதிப் பிறகு நூலாக்கினார். எங்கள் தெருக்காரர்கள் பலர் அதில் வருகிறார்கள். படமாக்க அவர் வாய்வழியாகச் சம்மதித்துவிட்டார். இரண்டு வருடத்தில் நான்கு முறை திரைக்கதை எழுதிவிட்டேன். தயாரிப்பாளர்கள் ‘நல்ல விஷயம்தான், கதை எங்கே?’ என்கிறார்கள். ஒருவர் கொலை ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். நூலில் வரும் பெரியவர் ஒருவர் தன்னைப் படத்தில் காட்டவே கூடாது என்கிறார். ஆசிரியரோ எதையும் மாற்றாதே, வசனமும் நானே எழுதுகிறேன் என்கிறார். எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: அந்த வாய்வழிச் சம்மதத்திலிருந்து.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19-ஆவது பிரிவு: உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கொடுப்பவரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். டீக்கடையில் தோளில் கைபோட்டுச் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படத்தையும் நம்பிப் பணம் போட எந்தத் தயாரிப்பாளரும் வரமாட்டார்.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய நூல் ஒன்றுக்காக, ஆசிரியர் கொடுத்த வார்த்தையை நம்பி ஒரு வருடம் உட்கார்ந்து எழுதினேன். தயாரிப்பு நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, பதிப்பகத்தோடு ஆசிரியர் போட்ட ஒப்பந்தம் எங்கே என்பது. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரே வரி: நாடகம், திரைப்படம் உள்ளிட்ட உரிமைகள் பதிப்பகத்துக்கு. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. பதிப்பகம் ஒரு தொகை சொன்னது. படம் அத்தோடு நின்றது.

உங்கள் நூலில் இன்னொரு முடிச்சும் உண்டு. அது முதலில் வார இதழில் வந்தது. ஆசிரியர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தபடி எழுதியிருந்தால், 17-ஆவது பிரிவின்படி இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே இதழ் முதலாளிக்கு, மற்றவை ஆசிரியருக்கே. ஆனால் வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே இரண்டு தாள்களைப் பார்க்க வேண்டும்: வேலை ஒப்பந்தம், பதிப்பக ஒப்பந்தம். நம் ஊரில் பதிப்பக ஒப்பந்தமே போடாத நூல்கள் ஏராளம். அப்படியானால் உங்களுக்கு நல்லது, உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது.

உரிமை முழுவதையும் இப்போதே வாங்க வேண்டியதில்லை. சிறு முன்பணம் கொடுத்து, ‘இந்தத் தேதிவரை வேறு யாருக்கும் தரமாட்டேன்’ என்று எழுதி வாங்குங்கள். மீதித் தொகை படப்பிடிப்பு தொடங்கும் நாளில் என்று வையுங்கள். பிறகு உரிமையை எழுதி வாங்கும் பத்திரத்தில் காலக்கெடுவைக் குறிக்காவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எல்லையைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். இதைவிட ஆபத்தானது, வேறு மாதிரி எழுதப்படாத வரை, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பது. தமிழ்ப் படம் எதுவும் ஒரு வருடத்தில் நகர்வதில்லை. எனவே அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள். எழுத்தாளர் சங்கத்தில் திரைக்கதையைப் பதிவுசெய்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தப் பதிவு உங்கள் எழுத்தின் தேதிக்குச் சாட்சி, அவ்வளவுதான். நூலைத் தொட அது அனுமதி தராது.

தகவலுக்கு ஏது உரிமை, காசிமேடு யார் வீட்டுச் சொத்து என்று உங்கள் நண்பர்கள் இதற்குள் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மைதான். நாடகம் ஒன்றைத் திருடிப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை இல்லை, அதை ஒருவர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. மீன் ஏலக்கூடத்தைக் கதையாக்க நீங்கள் நூலாசிரியரிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நான்கு வடிவங்களிலும் நூலின் வரிசையும் அதன் வாக்கியங்களும்தான் இருக்கின்றன. அதோடு, அந்த மனிதர் பல வருடம் நடந்து சம்பாதித்த நம்பிக்கையும் நூலோடு சேர்ந்து வருகிறது. அவர் கூட வந்தால் திறக்கும் கதவுகள் நீங்கள் தனியாகப் போனால் திறக்காது. வாங்கிவிடுங்கள்.

(பணமே இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எழுத்தாளர் இறந்து 60 வருடம் கடந்த நூல் எல்லோருக்கும் பொது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்ற திரு.வி.க. தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியிருக்கிறார். அவர் மறைந்தது 1953-இல். இன்று அது யாருக்கும் தடையில்லாத நூல். என் ஆலைக் கதை பரணுக்குப் போன பிறகுதான் இது உறைத்தது.)

இனி, கதை எங்கே என்ற கேள்வி. தயாரிப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் தவறான காரணத்துக்காகக் கேட்பார்கள்; உங்களிடம் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். உங்கள் நான்காவது வடிவத்தைப் படித்தேன். 34 பேர் வருகிறார்கள். கட்டுமரத்தில் தொடங்கி விசைப்படகில் முடிகிறது. யார் எதற்காக அவசரப்படுகிறார்கள் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நூலைப் படிப்பவர் நடுவில் மூடி வைத்துவிட்டு நாளை தொடரலாம். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவரை இழுத்துப் போக யாராவது ஒருவருடைய அவசரம் வேண்டும்.

40 வருடத்தை விட்டுவிடுங்கள். நூலின் ஏழாவது அத்தியாயத்தை மட்டும் எடுங்கள், தடைக்காலம் பற்றியது. வங்கக் கடலில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக. கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. படகு கரையேறிப் பழுது பார்க்கப்பட வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், வலை பின்ன வேண்டும், வருமானம் கிடையாது. நாட்டுப்படகுகளுக்கோ கரையோரம் போய்வரும் ஃபைபர் படகுகளுக்கோ தடை இல்லை. அதனால் எதிர்வீட்டுக்காரர் தினமும் மீனோடு வருவார், இவர் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு எதிரெதிர் வீட்டு நிலைமையில் உங்கள் நூலின் பாதி அடங்கிவிடுகிறது.

ஒரு தாளில் அந்த 34 பேரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே ‘ஜூன் 14 இரவுக்குள் இவர் எதை முடித்தாக வேண்டும்?’ என்பதற்குப் பதில் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எதிரே வெற்றிடம்தான் மிஞ்சும். மிஞ்சட்டும். பதில் இருக்கிற இரண்டு மூன்று பேர்தான் உங்கள் படம்.

தகவலைக் காட்சியாக்குவது எப்படி என்றும் கேட்பீர்கள். உங்கள் நூலில் ஒரு பத்தி: தடைக்காலம் முடிந்து கிளம்பும் படகுக்கு டீசல், ஐஸ், குடிநீர், அரிசி எல்லாம் கடனில் ஏறுகின்றன, பழைய பாக்கி தீராமலேயே புதுக் கடன் விழுகிறது. நல்ல பத்தி. நீங்கள் என்ன செய்தீர்கள்? இதையே ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்து, இன்னொருவர் ‘அப்படியா!’ என்று கேட்கும்படி எழுதிவிட்டீர்கள். அந்த இன்னொருவரும் அதே துறைமுகத்தில் பிறந்தவர். அவருக்குத் தெரியாதா?

இப்படி எழுதிப் பாருங்கள். ஜூன் 14, நள்ளிரவு நெருங்குகிறது. அரைத்த ஐஸ் சறுக்கிப் படகின் வயிற்றுக்குள் விழும் சத்தம். உரிமையாளர் கட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னும் பத்துக் கட்டி வேண்டும் என்று கையைக் காட்டுகிறார். ஐஸ்காரர் பேசாமல் நோட்டைப் பின்னோக்கித் திருப்பி, போன வருடப் பக்கத்தில் விரலை வைக்கிறார். உரிமையாளர் அதைப் பார்க்கிறார். ‘சரி, போதும்’ என்கிறார். படகை ஓட்டும் டிரைவர் மேலிருந்து இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஐஸ் குறைந்தால் இரண்டு நாள் முன்பே கரை திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கடன் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் கடன், ஐஸாக மாறி, ஐஸ் நாட்களாக மாறி, அடுத்த காட்சிக்கு வேலை வைத்துவிட்டது. நூலில் தகவலாக இருக்கும் ஒவ்வொன்றும் இப்படி ஒருவருடைய கையில் ஒரு பொருளாக வந்து சேர வேண்டும். வராதவற்றை எவ்வளவு அருமையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும்.

நூலுக்கு வெளியே போகவும் தயங்காதீர்கள். மு. சந்திரகுமார் குண்டூர்க் காவல் நிலையத்தில் தான் பட்ட சித்திரவதையை ‘லாக்கப்’ நூலில் எழுதினார். வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் அது முற்பாதிக்குத்தான் அடிப்படை, பிற்பாதி நூலில் இல்லாதது. ஒரு மனிதருக்கு உண்மையில் நடந்தது முடிகிற இடமும் படம் முடிய வேண்டிய இடமும் ஒன்றாக அமைவது அபூர்வம். ‘சூரரைப் போற்று’ கர்நாடகத்துக்காரரான கேப்டன் கோபிநாத்தின் சுயசரிதையிலிருந்து பிறந்து, நாயகனைச் சோழவந்தானில் கொண்டுபோய் நிறுத்தியது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, காசிமேட்டைக் காசிமேட்டிலேயே விட்டுவைக்கலாம்.

கொலை வேண்டாம். வடசென்னை என்றதும் கத்தியைத் தேடும் வழக்கம் எப்போது ஒழியும் என்று தெரியவில்லை. ஐஸ்காரரின் நோட்டில் இருக்கிற பயம் போதும்.

பெரியவர் விஷயத்தில் சட்டமும் மரியாதையும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது குறித்து எழுந்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுக் கொடுத்தது: நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவேட்டில் இருப்பதை எழுதலாம், ஒருவருடைய குடும்பம், மணவாழ்க்கை, பிள்ளைகள் போன்றவற்றைச் சம்மதமின்றி வெளியிட்டால் பொறுப்பேற்க வேண்டிவரும். அவர் நூலாசிரியரிடம் பேசியது நூலுக்காக. படத்துக்கு அந்தச் சம்மதம் தானாகத் தொற்றிக்கொள்ளாது. ‘யாவும் கற்பனையே’ என்று தொடக்கத்தில் அட்டை போட்டாலும், காசிமேட்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எடுத்துவிடுங்கள். அவருடைய இடத்தில் இரண்டு மூன்று பேரைக் கலந்து ஒருவரை உருவாக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஒருவருடைய அடையாளத்தோடு இன்னொருவருடைய தவறை ஒட்டிவிடாதீர்கள். நூலில் ஏலத்தில் ஏமாற்றியவர் ஒருவர், இடது கை ஊனமானவர் வேறொருவர். உங்கள் மூன்றாவது வடிவத்தில் ஏமாற்றுகிறவருக்கு இடது கை ஊனம்! அந்த மனிதர் படம் பார்க்க வந்தால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வார்?

சின்ன விஷயங்களிலும் கவனம் வேண்டும். 2024-இல் வந்த ‘அமரன்’ படமும் ஒரு புனைவல்லாத நூலிலிருந்து எடுத்ததுதான். ஒரு காட்சியில் தெரிந்த தொலைபேசி எண் சென்னை மாணவர் ஒருவருடையதாக இருந்து, அழைப்புகள் குவிந்து, அவர் 1.1 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார். உங்கள் சட்டகத்தில் படகுகளின் பதிவு எண்கள் வரிசையாக நிற்கும். உரிமையாளர்களிடம் கேளுங்கள், அல்லது மறையுங்கள்.

பெயரை மாற்றுவது எப்போதும் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவரைப் பற்றிக் குறும்படம் ஒன்றுக்கு எழுதினேன். அவர் உயிரோடு இல்லை. குடும்பத்துக்குச் சங்கடம் வேண்டாமென்று பெயரை மாற்றிவிட்டு, புளியந்தோப்பில் இருந்த அவருடைய மனைவிக்குப் படித்துக் காட்டப் போனேன். அந்த அம்மா முழுவதும் கேட்டார். கடைசியில், “நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால் மூட்டை தூக்கியது எங்கள் வீட்டுக்காரர். பெயர் மட்டும் ஏன் வேறு யாருக்கோ போகிறது?” என்றார். அதன் பிறகு யாரிடமும் முதலில் கேட்காமல் பெயரைத் தொடுவதில்லை. நீங்களும் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று. சம்மதத்தை எழுதி வாங்குங்கள், ஒரு நகலை அவர்களிடம் கொடுங்கள்.

ஆசிரியர். ‘எதையும் மாற்றாதே’ என்பதற்கு நீங்கள் கோபப்படுகிறீர்கள், அவர் பயப்படுகிறார். சட்டம் 57-ஆவது பிரிவில் அவருக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது: தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் தடுக்கலாம். தன் நாவலைப் படத்தில் சிதைத்துவிட்டார்கள் என்று இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது இதன் அடிப்படையில்தான். ஊடகம் மாறும்போது மாற்றம் வரத்தான் செய்யும், அந்த மாற்றம் படைப்பைக் குலைக்கக் கூடாது என்பதே அங்கே கிடைத்த பதில். ஆகவே அவரிடம், எவை மாறவே கூடாது என்று ஐந்தே ஐந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக அதைச் சேருங்கள். மீதியில் தலையிட மாட்டேன் என்றும் ஒரு வரி. ஐந்தை எழுத உட்காரும்போது அவருக்கே தன் நூலில் எது முக்கியம் என்று தெரியவரும், உங்களுக்கும் அது உதவும்.

வசனத்தை அவரிடம் கொடுக்காதீர்கள். ஐஸ்காரர் பேசாத காட்சியை அவர் பேச வைத்துவிடுவார். அதற்குப் பதிலாக அவருடைய பேட்டிக் குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். நூலில் சேராமல் ஒதுக்கியவை அங்கே கிடக்கும். அவற்றைப் பயன்படுத்தும் அனுமதியையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஜூன் 14 இரவு, கேமரா இல்லாமல், அவரையும் கூட்டிக்கொண்டு ஐஸ் ஏற்றும் இடத்தில் போய் நில்லுங்கள்.