அழைப்பு பெண்ணிடமிருந்து வந்தால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். ஆண்டின் பிற்பகுதியில் வரும் மெட்ரிக் டான்ஸுக்கு, அதாவது இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு நடக்கும் நடன விருந்துக்கு, பணம் திரட்டுவதற்காக அவளுடைய பள்ளியில் ஒரு நடன மாலை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதற்கு மாணவிகள்தாம் மாணவர்களை அழைக்க வேண்டுமாம். அமெரிக்கப் பள்ளிகளில் 'சேடி ஹாக்கின்ஸ் நடனம்' என்று இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகச் சொல்கிறாள். டோங்காட்டில் என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு பையனை அழைக்க விரும்புகிறாள். பெண் போய் ஆணைக் கூப்பிடுவது குடும்பத்துக்கு அடுக்காது என்று என் மாமியார் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இது எங்கிருந்து வந்த வழக்கம்? நான் அனுமதிக்கலாமா?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: அனுமதியுங்கள், சகோதரி. ஆனால் உங்கள் மகள் சொல்லும் பெயருக்குப் பின்னால் உள்ள கதை அவ்வளவு பெருமைக்குரியது அன்று என்பதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆல் காப் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் 1934 முதல் 1977 வரை 'லில் ஆப்னர்' என்ற படக்கதையைச் செய்தித்தாள்களுக்கு வரைந்துவந்தார். டாக்பேட்ச் என்னும் கற்பனை மலைக்கிராமம் அதன் களம். 1937 நவம்பரில் வெளியான ஒரு பகுதியில், 35 வயதாகியும் வரன் அமையாத சேடி ஹாக்கின்ஸ் என்பவளின் தந்தை, ஊரிலுள்ள மணமாகாத ஆண்களையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். முதல் துப்பாக்கி வெடிக்கு அவர்கள் ஓட வேண்டும். அடுத்த வெடிக்குச் சேடி துரத்த வேண்டும். அகப்பட்டவன் அவளுக்கு மாப்பிள்ளை. ஊரிலிருந்த மற்ற முதிர்கன்னியருக்கும் இந்த ஏற்பாடு பிடித்துப்போகவே, அது ஆண்டுதோறும் நடக்கும் பந்தயமாயிற்று. வாசகர் சிரிப்பதற்காக எழுதப்பட்ட இந்தக் கதையில் சிரிப்புக்கு இலக்கானவள், ஊரிலேயே அழகற்றவள் என்று ஓவியரால் முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்.

கல்லூரி மாணவர்கள் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டார்கள். 200க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் சேடி ஹாக்கின்ஸ் நாள் நடந்ததாக 1939இலேயே 'லைஃப்' இதழ் எழுதியது. துரத்தலும் கட்டாயக் கல்யாணமும் கழிந்து, பெண்ணே அழைப்பாள், பெரும்பாலும் நுழைவுச்சீட்டையும் அவளே வாங்குவாள் என்ற அளவில் அது உயர்நிலைப் பள்ளிகளில் நின்றது. உங்கள் மகளின் பள்ளி அந்தப் பெயரை விட்டுவிட்டு ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் மாமியாரின் பேச்சை வெறும் பிடிவாதம் என்று தள்ள நான் விரும்பவில்லை. மரபில் அவருக்குச் சான்று உண்டு. காதல் கைகூடாத ஆண் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருவான். பெண்ணுக்கு அந்த வழி இல்லை. கடல் போன்ற காமத்தால் வருந்தியும் மடலேறாதிருக்கும் பெண்ணின் பெருமையைத் திருக்குறளே புகழ்கிறது. ஆனால் அதே இலக்கியத்தில் தலைவியின் உள்ளத்தைத் தோழி எடுத்துச் சொல்கிறாள். கலித்தொகையின் முல்லைநிலத்தில், கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மறுமையிலும் தழுவமாட்டாள் என்று கூறப்படுகிறது. விருப்பு வெறுப்பு அவளுக்கு எப்போதும் இருந்தது, அதைச் சொல்லும் வாய்தான் வேறொருத்தியுடையதாக இருந்தது. உங்கள் வீட்டுச் சண்டையும், பார்க்கப்போனால், அந்த வாயைப் பற்றியதுதான். பேத்தி தன் அழைப்பை ஒரு தோழி மூலம் அனுப்பியிருந்தால் பாட்டிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்குமா?

நம் ஊரில் நடனத் துணை என்பதற்கு உள்ள பொருளையும் மாமியாருக்கு விளக்க வேண்டும். மெட்ரிக் டான்ஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரனோடும் பக்கத்து வீட்டுப் பையனோடும் போகிற பெண்கள் பலர். அதை எவரும் சம்பந்தம் பேசியதாக எடுத்துக்கொள்வதில்லை. பெண்ணின் உடைக்குத் தைத்த துணியில் மிஞ்சியதை வெட்டிப் பையனுடைய கழுத்துப்பட்டைக்கும் சட்டைப்பையில் செருகும் கைக்குட்டைக்கும் தையற்காரரிடம் கொடுப்பதும், வாடகைக்கு எடுத்த கார் வாசலில் வந்து நிற்கும்போது அத்தை மாமாக்கள் கைபேசியோடு முண்டியடிப்பதும், நிச்சயதார்த்தத்தைவிட ஆரவாரமாக நடந்தாலும், அடுத்த திங்கட்கிழமை இருவரும் அவரவர் பாடப்புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். உங்கள் வீட்டில் நடக்கவிருப்பது அதைவிடச் சிறிய நிகழ்ச்சி.

எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ஒரு மாலைக்கு மட்டும் பெண் அழைக்கலாம் என்று அறிவிப்பவர்கள், மற்ற நாட்களில் அவள் அழைக்கக்கூடாது என்பதையும் சத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள். முறையை மாற்றிப் போடுவது ஒரு வேடிக்கை. மெட்ரிக் டான்ஸ் வரும்போது இதே மாணவிகள் யாராவது வந்து கேட்பார்களா என்று மறுபடியும் காத்திருப்பார்களானால், இந்த மாலையால் பணப்பெட்டி நிறைந்தது தவிர வேறு பயனில்லை. உங்கள் மகளுக்கு அந்த மாலைக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுக்காதீர்கள்.

அவளைத் தயார்ப்படுத்த வேண்டிய இடம் ஒன்றுதான். காலங்காலமாகப் பையன்கள் கேட்டு, 'இல்லை' என்ற பதிலை வாங்கி, நண்பர்களின் கேலியையும் தாங்கிப் பழகியிருக்கிறார்கள்; நம் பெண்களுக்கு மறுப்புச் சொல்லக் கற்றுக்கொடுத்த அளவுக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கற்றுக்கொடுக்கவில்லை. டோங்காட் பையனுக்கு அன்று கிரிக்கெட் ஆட்டம் இருக்கலாம், வேறொருத்தியின் அழைப்பு முந்தியிருக்கலாம், அல்லது வர மனமில்லாமலே இருக்கலாம். அவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்பதையும், உங்கள் நாத்தனாரை அவன் தாயிடம் தூது அனுப்பக்கூடாது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவதாகச் சொன்னது உங்களுக்கானது.

மற்றவை சில்லறை விஷயங்கள். வெளிப்பள்ளி மாணவர் வருவதானால் பல பள்ளிகள் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் கேட்கும், முன்கூட்டியே விசாரியுங்கள். அழைப்பவள் அவள் என்பதால் சீட்டுக்கான பணத்தை அவளே கொடுக்கட்டும். இருட்டிய பிறகு டோங்காட் வரை அந்தப் பையன் எப்படித் திரும்புவான் என்பதை அவன் வீட்டாரோடு பேசி முடித்துவிடுங்கள். விருந்துக்குப் பிந்தைய கொண்டாட்டம் எதுவும் அன்று வேண்டாம்.

கேள்வி: பிப்ரவரி 29 அன்று பெண்கள் ஆண்களிடம் திருமணத்துக்குக் கேட்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
— ஓர் ஆசிரியர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை. லீப் ஆண்டு வழக்கம் அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்துப் பழைய நம்பிக்கை. சேடி ஹாக்கின்ஸ் நாள் நவம்பரைச் சேர்ந்தது. இரண்டிலும் பெண்ணே கேட்கிறாள் என்பதால் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: இதுபோன்ற ஒரு நடனத்துக்கு என் வகுப்பு மாணவி ஒருத்தி, பெரிய அட்டையில் எழுதிக்கொண்டுவந்து இடைவேளையில் எல்லோர் முன்னாலும் என்னை அழைத்தாள். சுற்றி நின்றவர்கள் கைபேசியில் படம் பிடித்ததால் 'சரி' என்று சொல்லிவிட்டேன். எனக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?
— ஒரு மாணவர், ஃபீனிக்ஸ்

பதில்: தம்பி, கூட்டத்தின் நடுவே கேட்டது அவள் செய்த பிழை. பதில் சொல்லும் உரிமையை அது பறித்துவிடுகிறது. பையன்கள் பெண்களிடம் இதையே பலகாலம் செய்துவந்திருக்கிறார்கள் என்பதையும் உங்கள் சங்கடத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆனால் சொன்ன 'சரி'யை மாற்ற இன்னும் நேரமிருக்கிறது. அவள் சீட்டு வாங்குவதற்கும் உடை தைக்கக் கொடுப்பதற்கும் முன்பாக, நண்பர்கள் யாரும் இல்லாத இடத்தில், நேரில் சொல்லுங்கள். குறுஞ்செய்தியாக அனுப்பினால் அது மாலைக்குள் பள்ளி முழுவதும் சுற்றிவரும். "அன்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன், என்னால் வர இயலாது, மன்னித்துக்கொள்" என்பது போதும். உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று கதை கட்ட வேண்டாம். சீட்டு ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்கான பணத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். யார் கேட்டாலும் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அந்தக் காணொளி வைத்திருக்கும் நண்பர்களிடம் அதை அழிக்கச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையதே.