அந்த நம்பரை ஏன் பிளாக் செய்தீர்கள்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காவது கட்டம். கீமோ நடக்கிறது. என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். மனதில் இருப்பதைச் சொல்வதில்லை, கோபம் மட்டும் வருகிறது. போன வாரம் இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார், அம்மா அழுதுவிட்டார். இத்தனைக்கும் அவருக்கு எந்த டென்ஷனும் வராமல்தான் பார்த்துக்கொள்கிறேன். பேப்பரை நிறுத்திவிட்டேன். டிவியில் செய்தி வைப்பதில்லை. நிலத் தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடியாத்தம் பெரியப்பாவின் நம்பரைக்கூட அப்பா போனில் பிளாக் செய்துவிட்டேன். டாக்டரோ 'எமோஷன் ஃபோக்கஸ்டு தெரபி'க்கு அழைத்துப் போகச் சொல்கிறார். அப்பா என்ன பைத்தியமா? கோபத்துக்கு ஒரு மாத்திரை போதாதா?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தம்பி, பேப்பரும் டிவியும் கிடக்கட்டும். பல வருடமாகப் பேசாத மனிதரின் நம்பரை எதற்கு பிளாக் செய்ய வேண்டும்? அடிக்காத போனை யாரும் பிளாக் செய்வதில்லை. ஆக, பெரியப்பா கூப்பிட்டிருக்கிறார். தன் தம்பிக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லி, வீம்பை விட்டுக் கூப்பிட்டிருக்கிறார். இது உங்கள் அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. கூடப் பிறந்தவன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அவர் படுத்துக் கிடக்கிறார். அவருக்கு எந்த இட்லியும் கல்லாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற கணக்கு உங்கள் மனதில் எங்கேயாவது இருக்கிறதா? இருந்தால் அதற்கு அப்பாவின் டென்ஷன் என்று பெயர் வைக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தையும் பார்த்துவிடுவோம். கீமோ அன்று வாந்தி வராமல் இருக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். அது சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், சிடுசிடுப்பைக் கிளப்பும். வலி தாங்காமலும் மனிதர் கத்துவார். எந்தெந்த நாளில் கோபம் அதிகம் என்று தேதி போட்டுக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தால் வந்ததென்றால் அவர் சரிசெய்யப் பார்ப்பார்.

அப்புறம் அந்தத் தெரபி. கனடாவின் லெஸ்லி கிரீன்பெர்க் என்ற உளவியலாளரும் சூ ஜான்சனும் 1980களில் உருவாக்கியது. பைத்தியத்துக்கான வைத்தியம் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? மேலே தெரிகிற கோபத்துக்கு அடியில் பயமோ துக்கமோ அவமானமோ இருக்கலாம். கோபத்தை மட்டும் அடக்கினால் அடியில் இருப்பது அப்படியே கிடக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஆகவே தெரபிஸ்ட் புத்திமதி சொல்ல மாட்டார். "தைரியமாக இருங்கள் சார்" என்று சொல்லவே மாட்டார். தட்டைத் தள்ளிய அந்த நிமிடத்துக்கே அப்பாவைத் திரும்ப அழைத்துப் போய், நெஞ்சில் என்ன அடைத்தது, அப்போது என்ன வேண்டியிருந்தது என்று நிதானமாகக் கேட்பார். டொரன்டோவில் புற்றுநோய் முற்றியவர்களையும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியையும் சேர்த்து உட்காரவைத்து இந்த முறையில் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். தம்பதிகளுக்குள் உறவு மேம்பட்டது. அதனால் அம்மாவையும் கூட்டிப் போங்கள். தட்டு விழுந்ததற்கு அழுதவர் அவர்தானே.

இந்தத் தெரபியில் ஒரு பயிற்சி உண்டு. எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, மனதில் பாக்கி வைத்திருக்கிற ஆள் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்ல வைப்பார்கள். செத்துப்போனவர்களிடமும் கிட்ட நெருங்க முடியாதவர்களிடமும் பேசித் தீர்க்க அது உதவும். உங்கள் பெரியப்பா குடியாத்தத்தில் உயிரோடு இருக்கிறார், போனும் போடுகிறார். அவருக்கு எதற்கையா காலி நாற்காலி?

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அது. நாளைக்கு ஒன்று என்றால் அவர் வரத்தான் போகிறார், வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு அழத்தான் போகிறார். அப்போது பிளாக் செய்வீர்களா? அந்த அழுகையை அப்பா கண் திறந்திருக்கும்போதே வந்து அழட்டுமே. பெற்றவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதைப் பிள்ளையின் கடமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் உறவு, அவர் சண்டை; முடித்துக்கொள்வதும் முடிக்காமல் விடுவதும் அவர் இஷ்டம். அண்ணன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர். இன்றைக்கே பிளாக்கை எடுங்கள். "பெரியப்பா கூப்பிட்டார்ப்பா, நான்தான் உங்களுக்குத் தெரியாமல் தடுத்துவிட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

தெரபிஸ்ட் தமிழ் பேசுபவராக இருக்கட்டும். அறுபத்தேழு வயதில் ஒருவர் தன் அண்ணனைப் பற்றி இங்கிலீஷில் அழ மாட்டார். யாரிடம் போவது என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் விசாரியுங்கள். அதுவரை நீங்களோ அம்மாவோ யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் சந்திப்பைக் கீமோ முடிந்த மறுநாளே வைக்காதீர்கள், உடம்பு ஒத்துழைக்காது.

பெரியப்பாவைப் பார்க்க அப்பா சம்மதித்தால் அவரை அலைக்கழிக்க வேண்டாம். குடியாத்தத்தில் காலையில் ரயில் ஏறுகிறவர் அன்றைக்கே அல்சூர் வந்துவிடலாம். டிக்கெட்டை நீங்களே போடுங்கள், ஸ்டேஷனுக்கும் நீங்களே போய் அழைத்து வாருங்கள்.