மாண்டேக் மாறியது எந்தத் தீயில்?

கேள்வி: ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலில், புத்தகங்களைக் கொளுத்துவதையே தொழிலாகக் கொண்ட மாண்டேக், ஆற்றில் இறங்கித் தப்பிய பிறகே புது மனிதனாகிறான். காவிரிக் கரையில் வளர்ந்த எனக்கு, அவனை மாற்றியது தீயன்று, நீரே என்று தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?
– வாசகி, திருவையாறு

பதில்: 1953இல் வெளிவந்த அந்நாவலில் ஆற்றின் பங்கு பெரிதுதான். அவனுடைய உடைகளை அது அடித்துச் செல்கிறது. மோப்பம் பிடித்துத் துரத்தும் இயந்திர நாயிடமிருந்து அவனைக் காக்கிறது. ஆயினும் பழைய வாழ்வைக் கழுவும் அந்த ஆறு புதியதைத் தருவதில்லை. அதைத் தருவது, கரையேறியபின் அவன் காணும் தீ.

கிளாரிஸ் என்ற இளம்பெண்ணின் கேள்விகள் அவனை முன்பே கலக்கியிருந்தாலும், அவனை உலுக்கியெடுப்பது ஒரு மூதாட்டியின் மரணம். நூல்களைப் பிரிய மறுத்து, மண்ணெண்ணெய் நனைந்த வீட்டில் தானே தீக்குச்சியைக் கிழித்து அவற்றோடு அவள் எரிந்துபோகிறாள். எரிப்பவருக்கே உரியதென்று அவன் நம்பியிருந்த தீ, அக்கணத்தில் எரிபடுபவளின் கைக்கு மாறிவிடுகிறது. மறுநாள் அவனால் வேலைக்குப் போக இயலவில்லை.

தலைமை அதிகாரி பீட்டியை அவன் எரிப்பதையே விடுதலை என்று கொள்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதிரே நிற்பதை எரித்தால் சிக்கல் தீரும் என்ற பழைய நம்பிக்கைதான் அங்கும் அவனை இயக்குகிறது. ஆற்றுக்கு அப்பால், நாடோடிகளாகிவிட்ட கல்விமான்கள் ஒரு சிறு நெருப்பைச் சுற்றிக் குளிர்காய்வதைப் பார்க்கும்போதுதான், எடுப்பதற்கு மட்டுமன்றிக் கொடுப்பதற்கும் தீயால் இயலும் என்பதை அவன் வாழ்வில் முதன்முறையாக அறிகிறான்.

நல்லெண்ணத்தோடு மூட்டிய தீயும் நூலை அழிக்கும் என்பதற்கு நம்மிடையே சான்று உண்டு. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாகச் சொல்லக் கேட்டு நொந்ததை ‘என் சரித்திர’த்தில் பதிவுசெய்திருக்கிறார். ஆகவே தீயின் இயல்பை ஆராய்வதைவிட, அதன்முன் மாண்டேக் எப்படி நிற்கிறான் என்பதையே நாவல் நெடுகிலும் கவனிக்க வேண்டும் என்பேன்.

நகரம் குண்டுவீச்சில் அழிந்தபின், அந்தக் கல்விமான்களின் தலைவர் கிரேஞ்சர் பீனிக்ஸ் பறவையைப் பற்றிப் பேசும் பகுதியை மீண்டும் வாசியுங்கள். எரிந்து எரிந்து எழும் அப்பறவைக்கு இல்லாத ஒன்று மனிதருக்கு உண்டு, தாம் செய்த மடமையை அவர்கள் அறிவார்கள் என்கிறார் அவர். அந்தக் கூட்டத்துக்கு மாண்டேக் கொண்டுசெல்வதும், விவிலியத்தின் பிரசங்கி நூலில் தன் நினைவில் தங்கிய பகுதியைத்தான்.